நிலா ஏன் தேயுது: கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு ஏழாம் கிளாஸ்ல ஏஆர், விஆர் வச்சு நடத்தின பாடம்

"பூமியோட நிழல் நிலா மேல விழுது, அதனால தேய்பிறை வருது." ஏழாம் கிளாஸ் பிள்ளைங்க 34 பேர்ல பாதிக்கு மேல இதத்தான் எழுதியிருந்தாங்க. இத நான் எப்ப எழுத சொன்னேன்னா, ஏஆர் ஆப்ல (போன் கேமராவுல தெரியற நிஜ இடத்து மேலயே படத்த வச்சு காட்டறது) பூமியையும் நிலாவையும் மேஜை மேலயே சுத்த விட்டு, ஒரு பீரியட் முழுக்க காட்டின மறுநாள். அந்த பேப்பர் கட்ட கையில வச்சுக்கிட்டு ஸ்டாஃப் ரூம்ல கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். காட்டறதுக்கு முன்னாடி இதே கேள்விய வாயால கேட்டப்ப பல பேருக்கு பதில் தெரியல, "தெரியலீங்க டீச்சர்"னு சொன்னாங்க. காட்டின பிறகு தப்பான பதில உறுதியா எழுதறாங்க, படமும் போட்டு அம்புக்குறியும் போட்டு. அந்த ரெண்டு மூணு வாரத்துல என்ன நடந்துச்சு, எங்க தப்பு பண்ணேன், அப்புறம் எது கை கொடுத்துச்சுன்னு முழுசா எழுதி வைக்கறேன், இதே மாதிரி பண்ணப் போற டீச்சருங்களுக்கு உதவும்.

ஊர் பத்தி ஒரு வார்த்தை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வேலந்தாவளம் தாண்டினா கோயம்புத்தூர், கோபாலபுரம் தாண்டினா பொள்ளாச்சி. பிள்ளைங்க வீட்டுல பேசறது தமிழ், பஸ்லயும் ஆபீஸ்லயும் மலையாளம், ஸ்கூல் தமிழ் மீடியம், ஆனா சிலபஸ் கேரளா எஸ்சிஇஆர்டியோடது. அதனால எங்களுக்கு கிடைக்கற டிஜிட்டல் சமாச்சாரம் பெரும்பாலும் இங்கிலீஷ்ல இருக்கும், இல்லைன்னா மலையாளத்துல. நிலா பாடம்னு எடுத்தா ஆப் "வாக்சிங் கிப்பஸ்"னு (வளர்பிறையில பாதிக்கு மேல தெரியற நிலா) சொல்லும், இந்தப் பிள்ளைங்களுக்கோ வளர்பிறை, தேய்பிறை, மூணாம்பிறை, சஷ்டி, ஏகாதசி எல்லாம் அத்துப்படி, மலையாளத்துல வெளுத்த வாவு (பௌர்ணமி), கறுத்த வாவுன்னும் (அமாவாசை) தெரியும், கர்க்கடக வாவுக்கு (ஆடி அமாவாசை) லீவு விடறதும் தெரியும். வானத்த பத்தி இவ்வளவு வார்த்தை கையில இருக்கற பிள்ளைங்களுக்கு ஆப் ஒன்னுமே தெரியாத ஆளுக்கு சொல்ற மாதிரி ஆரம்பிக்குது, அது எனக்கு எப்பவும் ஒரு மனவருத்தம்.

இந்தப் பாடத்த அப்ப எடுத்ததுக்கு காரணம் கிரகணம். 2025 செப்டம்பர் 7 ஞாயித்துக்கிழமை ராத்திரி முழு சந்திர கிரகணம், நிலா முழுசா மறைஞ்சு செவப்பா இருந்தது 11 மணியில இருந்து 12:22 வரைக்கும், 82 நிமிஷம். ஓணம் லீவு முடிஞ்சு மறுநாள் 8ஆம் தேதி ஸ்கூல். வந்ததும் பேச்சே அதுதான். அமுச்சி (பாட்டி) தண்ணி ஊத்தின தாம்பாளத்துல உலக்கைய நிறுத்தி வச்சாங்க, அது விழாம நின்னுச்சுன்னு ஒருத்தன் சொல்றான், வயித்துல பாப்பா இருக்கற அக்காவ வெளிய விடலன்னு ஒருத்தி சொல்றா. அந்த சத்தத்துக்கு நடுவுல ஒரு பையன் கேட்டான், "பூமி நிழல் விழுந்துதான் மறைஞ்சுதுன்னா, மாசா மாசம் தேயறதும் அதேதானுங்களே டீச்சர்? இது ஒரே ராத்திரியில நடந்துச்சு, அது மெதுவா நடக்குது, அவ்வளவுதானுங்களே?"

ரொம்ப நியாயமான கேள்வி. கண்ணால பார்த்தத வச்சு யோசிச்சு கேக்கறான். உலகம் பூரா பெரியவங்களே சொல்ற தப்பான விளக்கமும் இதுதான், வானவியல் சொல்லிக் குடுக்கற எல்லாரும் மொதல்ல மோதற சுவர் இது. போர்டுல வட்டம் போட்டு விளக்கறது போதாது, விண்வெளியில நின்னு பார்த்தாதான் புரியும்னு நினைச்சுதான் ஏஆர எடுத்தேன்.

கருவி என்னென்ன இருந்துச்சுன்னா, ஸ்கூல்ல கைட் (ஸ்கூல் டெக்னாலஜிக்கான கேரள அரசு நிறுவனம்) மூலமா வந்த லேப்டாப்பும் ப்ரொஜெக்டரும் உண்டு, விஆர், அதாவது கண்ணுல மாட்டினா சுத்தி முழுக்க வேற காட்சியா தெரியறது, அதுக்கான ஹெட்செட் கிடையாது. வீட்டுல சும்மா கிடக்கற பழைய போன் இருந்தா குடுங்கன்னு பேரன்ட்ஸ் கிட்ட கேட்டேன், எட்டு போன் வந்துச்சு. அதுல மூணுலதான் ஜைரோஸ்கோப் இருந்துச்சு. இத வாங்கறதுக்கு முன்னாடியே எல்லாரும் பார்க்கணும், ஏன்னா தலை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமா திரும்புதுன்னு சொல்றது அந்த சென்சார்தான், விலை கம்மியான பல போன்ல அது கிடையாது, அது இல்லாத போன விஆர் டப்பாவுல (போன உள்ள சொருகி ரெண்டு லென்ஸ் வழியா பார்க்கற அட்டைப்பெட்டி) போட்டா தலை திரும்பும் படம் திரும்பாது, இல்லைன்னா விட்டு விட்டு இழுக்கும். டப்பா நாங்களே செஞ்சோம். 2014ல வந்த கூகுள் கார்டுபோர்டோட அளவு எல்லாருக்கும் திறந்து விட்டதுதான், 45 மில்லிமீட்டர் ஃபோகல் லெங்த் உள்ள ரெண்டு லென்ஸ், பிஸ்கட் கம்பெனி அட்டைப்பெட்டி, ரப்பர் பேண்ட், ஃபெவிகால். மூணு டப்பா ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள முடிஞ்சுது.

மொத நாள் ஏஆர். போன் கேமராவ மேஜை பக்கம் காட்டினா மேஜை மேல பூமி சுத்துது, பக்கத்துல நிலா சுத்துது. பிள்ளைங்க போட்ட சத்தத்துல பக்கத்து கிளாஸ் டீச்சரே எட்டிப் பார்த்தாங்க. ஒவ்வொருத்தரும் குனிஞ்சு, சுத்தி வந்து, அடியில பார்த்து, கையால பூமிய பிடிக்கப் பார்த்து, அந்த சந்தோஷம் உண்மையானது, அத நான் குறைச்சு சொல்ல மாட்டேன். ஆனா மறுநாள் பேப்பர்ல வந்தது மேல எழுதினதுதான்.

ஏன் இப்படி ஆச்சுன்னு அன்னைக்கு சாயங்காலம் வீட்டுல அதே ஆப்ப திறந்து, பிள்ளைங்க கண்ணோட உக்காந்து பார்த்தேன். அப்பதான் தெரிஞ்சுது. திரைக்குள்ள அடங்கணும்னு ஆப் நிலாவ பூமிக்கு பக்கத்துலயே, ஒரு சாண் தூரத்துல வச்சிருக்கு. அவ்வளவு கிட்ட இருந்தா ஒவ்வொரு சுத்துலயும் அது பூமிக்கு பின்னாடி இருட்டுக்குள்ள போயிட்டுத்தான் வரும். பிள்ளைங்க ஒன்னும் கற்பனை பண்ணல, கண்ணுக்கு முன்னாடி பார்த்தத அப்படியே எழுதியிருக்காங்க. புத்தகத்துல இருக்கற படமும் இதே பொய்ய சொல்லுது, ஆனா புத்தகப் படம் படம்னு தெரியும், பிள்ளை அத முழுசா நம்பாது. ஏஆர்ல சுத்தி நடந்து பார்த்தது நிஜம் மாதிரி மனசுல உக்காந்துருது. அதனால இந்த மாதிரி கருவியில சின்ன பொய்யும் பெருசா வேலை செய்யுது, இத நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும்.

மறுநாள் ஃபுட்பால் எடுத்துக்கிட்டு வந்தேன். 22 சென்டிமீட்டர் அகலம், அதுதான் பூமி. பூமியோட அகலம் 12,742 கிலோமீட்டர், நிலாவோடது 3,474, கணக்கு போட்டா நிலாவுக்கு 6 சென்டிமீட்டர் வரும், சத்துணவு அக்கா கிட்ட கேட்டு பெரிய எலுமிச்சம்பழமா ஒன்னு வாங்கினோம். "இப்ப நிலாவ எங்க வைக்கணும், வச்சு காட்டு சாமி"ன்னு ஒருத்தி கையில குடுத்தேன். பந்துல இருந்து ஒரு முழம் தள்ளி வச்சா. எல்லாரும் சரின்னு தலையாட்டினாங்க. நிஜத்துல தூரம் 3,84,400 கிலோமீட்டர், அதாவது 30 பூமிய வரிசையா அடுக்கற தூரம். பந்து அகலத்துக்கு கயிறு வெட்டி 30 தடவை அளந்தோம், 6.6 மீட்டர், எங்க கிளாஸ் ரூம் 20 அடி, நிலா வாசல தாண்டி வராந்தாவுக்கு போயிருச்சு. கிளாஸ் அமைதியாயிருச்சு. அந்த ரெண்டு வாரத்துல அவ்வளவு அமைதி ஏஆர்லயும் வரல, விஆர்லயும் வரல. "அவ்வளவு தூரமுங்களா?"ன்னு பின்னாடி பெஞ்சுல இருந்து ஒரு குரல். அப்புறம் சூரியன கேட்டாங்க, நல்லா வளந்த நெட்டை தென்னை மர உயரத்துக்கு, 24 மீட்டர்ல ஒரு உருண்டை, இங்க இருந்து ரெண்டரை கிலோமீட்டருக்கும் மேல தள்ளின்னு சொன்னேன், அது எந்த ஊர் எந்த பஸ் ஸ்டாப்புன்னு அவங்களே சண்டை போட ஆரம்பிச்சுட்டாங்க.

நிழல் கணக்கு இங்கதான் வருது. இந்த அளவுல, நிலா இருக்கற தூரத்துல பூமியோட கரு நிழல் (முழு இருட்டா இருக்கற நடு நிழல்) 16 சென்டிமீட்டர் அகலம்தான், ஒரு சாண் கூட இல்ல. நிலாவோட பாதையோ 5 டிகிரி சாஞ்சு கிடக்குது, அதனால 6.6 மீட்டர் தள்ளி போற எலுமிச்சம்பழம் சில சமயம் ரெண்டு அடி மேலயும், சில சமயம் ரெண்டு அடி கீழயும் போகும். ரெண்டு அடி மேல போறது ஒரு சாண் நிழல்ல எப்படி மாட்டும்? எப்பவாவது பௌர்ணமி அன்னைக்கு பாதை சரியா குறுக்க வெட்டற நேரத்துலதான் மாட்டும், செப்டம்பர் 7 அன்னைக்கு மாட்டுச்சு. ஒரு பையன பழத்த தலைக்கு மேல தூக்கி பிடிக்க வச்சு, இன்னொருத்தன் பந்து பின்னாடி இருந்து சாணளவு அட்டைய நீட்டி காட்டினான். கேள்வி கேட்ட பையன் எந்திரிச்சு வந்து அந்த அட்டைக்கும் பழத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய கைய வச்சு பார்த்துட்டு, "அப்ப மாசா மாசம் தேயறது எதனால?"ன்னு கேட்டான். பழைய பதில் அவனா கீழ போட்டுட்டான், புது பதில் இன்னும் இல்ல.

அதுக்கு பதில் 15ஆம் தேதி திங்கக்கிழமை காலையில கிடைச்சுது. 14ஆம் தேதி தேய்பிறை அரை நிலா, அப்படின்னா மறுநாள் காலையில 9 மணிக்கு கூட மேற்க வானத்துல வெளுத்துப்போன பாதி நிலா நிக்கும், கிழக்க வெயில். பகல்ல நிலா இருக்கும்னே பாதி பிள்ளைங்க நம்பல. எலுமிச்சம்பழத்துக்கு சுண்ணாம்பு தடவி காய வச்சு எடுத்துட்டு கிரவுண்டுக்கு போனோம். நிலா இருக்கற பக்கம் கைய நீட்டி, நிலாவுக்கு ஒட்டினாப்ல தெரியற மாதிரி பழத்த பிடிக்கணும், ஒரு கண்ண மூடிக்கணும், அவ்வளவுதான். வெயில் பட்ட பக்கம் பழத்துல பாதி வெள்ளை, பாதி நிழல், பக்கத்துல வானத்துல நிலா அதே பாதி, அதே சாய்வு, அச்சு எடுத்த மாதிரி. பூமி நிழல் எதுவும் அங்க இல்ல, கண்ணு முன்னாடி இருக்கறது பழத்தோட சொந்த இருட்டு பக்கம். சூரியன் அவ்வளவு தூரத்துல இருக்கறதால நம்ம கையில இருக்கற பழத்துக்கும் நிலாவுக்கும் வெளிச்சம் ஒரே திசையில இருந்து வருது, அதனாலதான் ரெண்டும் ஒரே வடிவத்துல தெரியுது. 34 பேரும் ஒவ்வொருத்தரா பிடிச்சு பார்க்க அரை மணி நேரம் ஆச்சு, ஒருத்தரும் வரிசைய விட்டு போகல. ஒரு பொண்ணு பழத்த கீழ இறக்கிட்டு, "நிலா எப்பவுமே பாதி வெளிச்சமாத்தான் இருக்குதுங்க டீச்சர், நாமதான் வேற வேற பக்கத்துல இருந்து பார்க்கறோம்"னு சொன்னா. நான் சொல்லிக் குடுக்கல, அவளே சொன்னா.

அப்ப விஆர் எதுக்குன்னு கேக்கலாம். நானும் கேட்டுக்கிட்டேன். பழத்தாலயும் பந்தாலயும் முடியாத ஒன்னு இருக்குது, நிலாவுல போய் நின்னு திரும்பி பார்க்கறது. அதுக்கு ஹைஸ்கூல் பக்கம் இருக்கற லிட்டில் கைட்ஸ் (கைட் நடத்தற கம்ப்யூட்டர் கிளப்) பிள்ளைங்க கிட்ட போனேன். ஏ-ஃப்ரேம்னு ஒன்னு இருக்குது, 2015ல மொசில்லா ஆரம்பிச்சது, இலவசம், நாலஞ்சு வரி எழுதினா பிரவுசர்ல விஆர் காட்சி வந்துரும். அதுல ஒரு யூனிட்னா ஒரு மீட்டர். அதனால நாங்க கிரவுண்டுல அளந்த அளவையே அப்படியே போட்டாங்க, பூமிக்கு ஆரம் 0.11, நிலாவுக்கு 0.03, தூரம் 6.6, ஒரு பக்கத்துல இருந்து மட்டும் வெளிச்சம். ஏழாம் கிளாஸ் பிள்ளைங்க அந்த நம்பர ஸ்கிரீன்ல பார்த்ததும், "இது நம்ம எலுமிச்சம்பழமுங்க!"ன்னு கத்துனாங்க.

மொதல்ல பூமி பக்கம் நின்னு பார்க்கற மாதிரி டப்பாவுல போட்டு பார்த்தா நிலா ஒரு புள்ளி. அதுல பிறை தெரியவே இல்ல. கணக்கு போட்டப்ப புரிஞ்சுது, நிஜ நிலா வானத்துல அரை டிகிரிதான் இருக்கும், நீட்டின கையோட சுண்டுவிரல் அதை மறைச்சிரும், எங்க கிட்ட இருக்கற போனுல அந்த அரை டிகிரிக்கு பத்து புள்ளி கூட கிடைக்காது, அதுக்குள்ள பிறை வளைவ எங்க வரையறது? நம்ம கண்ணு நிஜ வானத்துல பார்க்கற நுணுக்கம் இந்த டப்பாவுக்கு கிடையாது. அதனால ரெண்டு காட்சி பண்ண சொன்னேன். ஒன்னு நிஜ அளவு, அதுல தூரம் சரி, வடிவம் தெரியாது. இன்னொன்னு நிலாவ பத்து மடங்கு பெருசாக்கினது, அதுல வடிவம் தெரியும், அளவு பொய். ரெண்டாவது காட்சியில கண்ணு முன்னாடியே தமிழ்ல எழுதி வச்சோம்: "இதுல நிலா பத்து மடங்கு பெருசு." பிள்ளைங்க டப்பாவ கையில வாங்கறதுக்கு முன்னாடி, இந்தப் படத்துல எது நிஜம், எது பொய்யின்னு வாயால சொல்லிட்டுத்தான் பார்க்கணும்னு வச்சேன். இந்த ஒரு பழக்கம்தான் மொத நாள் ஏஆருக்கும் இதுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம்னு நினைக்கறேன். மொத நாளும் நான் இத சொல்லிட்டு காட்டியிருந்தா, அந்த பேப்பர் கட்டு வேற மாதிரி இருந்திருக்கும்.

நிலாவுல நிக்கற காட்சியில பூமி அகலமா தெரியும், நம்ம வானத்து நிலாவ விட மூன்றரை மடங்குக்கு மேல. ஒவ்வொருத்தருக்கும் மூணு நிமிஷம். மஹாளய அமாவாசை 21ஆம் தேதி வருது, வீட்டுல எல்லாம் அதே பேச்சு, அதனால அமாவாசை நிலைய வச்சே காட்டினோம். ஒரு பையன் டப்பாவ கண்ணுல வச்சபடியே பேசினான், "பூமி முழுசா வெளிச்சமா இருக்குதுங்க. இங்க இருந்து பார்த்தா பூமி பௌர்ணமி." கொஞ்சம் நிறுத்தினான். "அப்ப நமக்கு பௌர்ணமியா இருந்தா இங்க பூமி அமாவாசைங்களா?" சரிதான் கண்ணுன்னு சொல்றதுக்குள்ள பக்கத்துல இருந்தவன் டப்பாவ பிடுங்கிட்டான். இந்தக் கேள்விய போர்டுல எத்தனை வட்டம் போட்டாலும் நான் வர வச்சிருக்க முடியாது, இங்க விஆர் தன் வேலைய பண்ணுச்சு.

குரல் எதுவும் வைக்கல. காட்சி ஊமை, பக்கத்துல நின்னு நான் பேசறேன், இல்ல பார்த்து முடிச்ச பிள்ளை பேசுது. இங்கிலீஷ் குரல் ஓடினா பிள்ளை அத புரிஞ்சுக்கறதுலயே இருக்கும், தலைய திருப்பி பார்க்கறது நின்னுரும். டப்பாவுக்குள்ள இருக்கற பிள்ளை தான் பார்க்கறத வெளிய இருக்கறவங்களுக்கு சத்தமா சொல்லணும்னு வச்சதுலதான் வெளிய காத்துட்டு இருந்த 31 பேரும் பாடத்துக்குள்ள இருந்தாங்க. மூணு டப்பா, 34 பிள்ளைங்கன்னா இது இல்லாம முடியாது.

உடம்பு சம்பந்தமா சொல்லியே ஆகணும். ஒரு பொண்ணுக்கு ரெண்டாவது நிமிஷமே தலை சுத்தி வயித்த பிரட்டிருச்சு. கண்ணு திரும்பறேன்னு சொல்லுது, காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்பு வேற சொல்லுது, பழைய போனுன்னா படம் தலைக்கு பின்னாடி இழுத்துட்டு வேற வருது, தலை திரும்பி 20 மில்லி செகண்டுக்குள்ள படம் திரும்பணும்னு சொல்வாங்க, எங்க போன்ல அது நடக்கவே இல்ல. அதுக்கப்புறம் எல்லாரும் நாற்காலியில உக்காந்துதான் பார்த்தாங்க, கஷ்டமா இருந்தா உடனே கழட்டலாம், யாரும் கேலி பண்ணக்கூடாதுன்னு சொல்லி வச்சேன். இன்னொரு பையனுக்கு எவ்வளவு சரி பண்ணாலும் ரெண்டு பூமி தெரியுதுன்னான். மொதல்ல லென்ஸ் தப்புன்னு நினைச்சேன், மத்த பிள்ளைங்களுக்கு ஒன்னாத்தான் தெரியுது. அவங்க அம்மாவ கூப்பிட்டு கண் டாக்டர் கிட்ட காட்ட சொன்னேன், ஒரு கண்ணு பார்வை நல்லா குறைவா இருந்திருக்கு, யாருக்கும் தெரியல. இப்ப கண்ணாடி போட்டிருக்கான். மெட்ராஸ் ஐ சீசன்ல டப்பாவ வெளிய எடுக்கவே வேண்டாம், மத்த நாள்ல ஒவ்வொரு பிள்ளைக்கு அப்புறமும் முகம் படற இடத்த துடைக்கணும்.

காசு குடுத்து ரெடிமேடா வாங்கலாமேன்னு கேக்கறவங்களுக்கு ஒன்னு. 2018ல ஒரு ட்ரெயினிங்ல கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ்னு கிளாஸுக்கான விஆர் ஆப் பார்த்து ஆசைப்பட்டேன், டீச்சர் டேப்ல கை காட்டினா எல்லா பிள்ளைங்களும் ஒரே இடத்த பார்ப்பாங்க, இலவசம். 2021 ஜூன்ல அத நிறுத்திட்டாங்க, அதுக்கு கொஞ்சம் முன்னாடி கார்டுபோர்டு டப்பா விக்கறதையும் நிறுத்திட்டாங்க. எனக்கு தெரிஞ்ச இன்னொரு ஸ்கூல்ல ஒரு கம்பெனி கிட்ட ஹெட்செட் வாங்கினாங்க, வருஷம் முடிஞ்சதும் லாகின் திறக்கல, புதுப்பிக்க பணம் இல்ல, ஹெட்செட்டு பீரோவுல இருக்குது. எங்க ஏ-ஃப்ரேம் ஃபைல் லிட்டில் கைட்ஸ் பிள்ளைங்க எழுதினது, அது எங்க லேப்டாப்ல இருக்குது, அடுத்த வருஷ பிள்ளைங்க அதை திறந்து நம்பர மாத்தலாம்.

அக்டோபர் 6, 7 பௌர்ணமி வரைக்கும் எல்லாரையும் நிலா டைரி எழுத சொன்னேன், மேகம் மறைச்ச நாள்ல "மேகம்"னு எழுதணும். அதுக்கப்புறம் மறுபடி அதே கேள்வி, அதே மாதிரி பேப்பர்ல. பெரும்பாலான பிள்ளைங்க பாதி வெளிச்சம், பார்க்கற பக்கம்னு தங்கள் வார்த்தையில எழுதிட்டாங்க, சில பேர் சுண்ணாம்பு தடவின எலுமிச்சம்பழத்த வரைஞ்சிருந்தாங்க. ரெண்டு பேர் இன்னும் நிழல்னுதான் எழுதியிருக்காங்க. அதுல ஒருத்தி காலையில கிரவுண்டுக்கு போன அன்னைக்கு லீவு, விஆர் மட்டும்தான் பார்த்தா. இன்னொருத்தன் எல்லாத்துக்கும் இருந்தான், அவன் கிட்ட தனியா உக்காந்து பேசணும்.

2026 மார்ச் 3 சாயங்காலம் நிலா உதிக்கறப்பவே கிரகணம் பிடிச்சபடி வரும், 6:47க்கு நிழல் விலகிரும், நம்ம பக்கம் கிழக்க மரம் மறைக்காத இடமா பார்த்து நின்னா கால் மணி நேரம் கிடைக்கும். பரீட்சை சமயம்தான், இருந்தாலும் அந்த ரெண்டு பேரையும் ஃபுட்பாலோட கூட்டிட்டு போறதா அவங்க வீட்டுல சொல்லி வச்சிருக்கேன்.